சத்தமா, சங்கீதமா?

கல்யாண வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்புகிறவரிடம் இரண்டு கேள்விகள் கேட்பது நம்மவர் வழக்கம். ஒன்று, "சாப்பாடு எப்படி?" மற்றொன்று, "கச்சேரி எப்படி?" முதல் கேள்விக்குப் பதில் வீட்டுக்கு வீடு மாறும். இரண்டாவது கேள்விக்கு மட்டும் பெரும்பாலும் ஒரே பதில்தான் வருகிறது: "பாட்டெல்லாம் நல்ல பாட்டுத்தான். ஆனால் ஒரே சத்தம்! பக்கத்தில் இருக்கிறவர் பேசுவதுகூடக் காதில் விழவில்லை."

பாடியவரின் குரலில் குறையில்லை. வாசித்தவர்களின் விரலில் குறையில்லை. பணம் கொடுத்து அழைத்து வந்தவரின் மனத்திலும் குறையில்லை. இத்தனையும் இருந்து, கேட்க வந்தவர் காதைப் பொத்திக்கொண்டு பந்திக்கு ஓடுகிறார் என்றால், கோளாறு எங்கேதான் இருக்கிறது?

மேடைக்குப் பக்கத்தில் மிக்ஸர் முன்னால் உட்கார்ந்திருக்கும் மைக் செட்டுக்காரரைத்தான் எல்லோரும் கை காட்டுவார்கள். அதில் பாதிதான் நியாயம். சின்ன மண்டபத்தில் கச்சேரியின் சத்தத்தை நிர்ணயிப்பது அவருடைய ஒலிபெருக்கி அல்ல. மேடையில் எந்த வாத்தியம் மிகவும் ஓங்கி ஒலிக்கிறதோ, அதுதான் நிர்ணயிக்கிறது. அதை எட்டிப் பிடிக்கத்தான் மற்ற வாத்தியங்களும், பாடுகிறவரின் குரலும், கடைசியில் ஒலிபெருக்கியும் மூச்சு வாங்க ஓடுகின்றன. ஆகவே நல்ல மைக் செட்டுக்காரருக்கு வேண்டிய முதல் சாமர்த்தியம் சத்தத்தைக் கூட்டுவது அல்ல, குறைப்பது.

சுவருக்குச் சுவர் ஒட்டிய ஊர்

இந்த உண்மையை மேலப்பாளையம் போன்ற ஓர் ஊரில் நின்று பார்த்தால் நன்றாக விளங்கும். பாளையங்கோட்டையை அடுத்துள்ள இந்த ஊர் முன்பு தனி நகராட்சியாக இருந்தது. 1994-ல் திருநெல்வேலி மாநகராட்சி உருவானபோது அதனுடன் இணைந்தது. செவ்வாய்க்கிழமை கூடும் ஆட்டுச் சந்தையால் வெளியூர்க்காரர்களுக்கும் பழக்கமான பெயர். ஒரு காலத்தில் தறிச் சத்தம் கேட்ட தெருக்களில் பிறகு பீடி சுற்றும் தொழிலும் பெருகியது. வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கின்றன, தெருக்கள் குறுகல், அந்த வீடுகளுக்கு நடுவிலேயே மண்டபங்களும் இருக்கின்றன. மண்டபத்தில் ஒருவர் தும்மினால் எதிர்வீட்டுக்காரர் திரும்பிப் பார்க்கும் தூரம்தான்.

மேலப்பாளையத்தில் மட்டுமல்ல, பேட்டை, டவுண், தச்சநல்லூர் என்று நெல்லைச் சுற்றுவட்டாரத்தில் எங்கே போனாலும் இதே நிலைதான். இங்கே மைக் செட் வைத்துத் தொழில் செய்கிறவர் ஒரே வாரத்தில் பல ரகமான கச்சேரிகளுக்குப் போக வேண்டியிருக்கிறது. ஒரு நாள் தப்ஸுடன் பைத் பாடுகிற குழு. மறுநாள் கீபோர்டு, டிரம், கிட்டாருடன் மெல்லிசைக் குழு. அதற்கடுத்து கோயில் கொடையில் வில்லுப்பாட்டு. இடையில் ஒரு பட்டிமன்றம். பெட்டி ஒன்றுதான், வயர் ஒன்றுதான். ஆனால் ஒவ்வொன்றுக்கும் கணக்கு வேறு.

குரலே அளவுகோல்

ஒலிபெருக்கி வராத காலத்தில் இந்தக் கணக்கைப் பாடகர்களே போட்டுக்கொண்டார்கள். செங்கோட்டையில் பிறந்த எஸ். ஜி. கிட்டப்பா (1906–1933) மைக் இல்லாத நாடக மேடைகளில் பாடிப் புகழ் பெற்றவர். கொட்டகை நிறைந்த கூட்டத்தின் கடைசி வரிசை வரைக்கும் குரல் போக வேண்டும். குரலை மிஞ்சி ஆர்மோனியம் முழங்கினால் நாடகமே கெட்டுப்போகும். ஆகவே பக்கவாத்தியம் எல்லாம் குரலுக்குக் கீழே அடங்கி நின்றது. மேடையில் மிக மெல்லிய ஒலி எதுவோ, அதுவே மற்றவற்றுக்கு அளவுகோலாக இருந்தது.

ஓங்கி ஒலிக்கும் வாத்தியங்களுக்கு நம் முன்னோர் வேறு இடம் ஒதுக்கியிருந்தார்கள். நாதஸ்வரமும் தவிலும் கோயில் வாசலுக்கும் வீதி உலாவுக்கும் உரியவை. நையாண்டி மேளம் பொட்டலுக்கு உரியது. கணியான் கூத்தின் மகுடம் நள்ளிரவில் ஊர் எல்லை வரை கேட்க வேண்டிய வாத்தியம். திறந்த வெளிக்கென்று பிறந்த இந்த வாத்தியங்களை 60 அடி நீள மண்டபத்துக்குள் கொண்டுவந்து உட்கார வைத்து, போதாக்குறைக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு மைக்கும் வைக்கிறோம். நாதஸ்வரத்துக்கு மைக் எதற்கு என்று கேட்பவரைத்தான் காணோம்!

நாதஸ்வரத்தையும் பெண் குரலையும் இணைத்துக் காட்டிய பெருமை நம் ஆற்றங்கரை வித்வானுக்கு உண்டு. 1962-ல் வெளிவந்த 'கொஞ்சும் சலங்கை' படத்தில் காருகுறிச்சி அருணாசலத்தின் நாதஸ்வரமும் எஸ். ஜானகியின் குரலும் கைகோத்துச் சென்றதை ரசிகர்கள் இன்றும் மறக்கவில்லை. ஆனால் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். அங்கே இரண்டையும் சமன் செய்து கொடுக்க ஒலிப்பதிவுக் கூடம் இருந்தது. மண்டபத்தில் அந்த வசதி கிடையாது. மேடையிலிருந்து நேரே புறப்பட்டு வரும் ஒலியை எந்த மிக்ஸராலும் குறைக்க முடியாது. மிக்ஸரால் முடிந்தது, மைக் வழியாக வருவதைக் கூட்டவும் குறைக்கவும்தான்.

ஒலிபெருக்கி வந்த கதை

1915-ம் ஆண்டு கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் அமெரிக்காவில் சான்பிரான்சிஸ்கோ நகரில் ஜென்சன், பிரிதாம் என்ற இரு பொறியாளர்கள் பெருங்கூட்டத்துக்கு ஒலிபெருக்கி மூலம் இசையையும் பேச்சையும் கேட்க வைத்தார்கள். நான்கு ஆண்டுகள் கழித்து, 1919-ல், சாண்டியாகோ நகரில் ஜனாதிபதி வில்சன் அவர்களுடைய கருவியின் துணையால் பெருங்கூட்டத்தில் பேசினார். மெல்லிய குரலுக்குத் துணை செய்ய வந்த கருவி அது. காலப்போக்கில் கிட்டாருக்கும் கீபோர்டுக்கும்கூட ஆம்பிளிஃபயர் வந்தது. பந்தயம் அங்கேதான் ஆரம்பமாயிற்று.

அந்தப் பந்தயம் எங்கே கொண்டுபோய் விட்டது என்பதற்கு உலகம் அறிந்த சாட்சி பீட்டில்ஸ் குழு. 1965 ஆகஸ்ட் 15 அன்று நியூயார்க்கில் ஷீ ஸ்டேடியம் என்ற விளையாட்டரங்கில் அவர்கள் பாடினார்கள். கூட்டம் 55,000-க்கும் மேல். கையில் இருந்ததோ 100 வாட் ஆம்பிளிஃபயர்கள். ரசிகர்கள் போட்ட கூச்சலில், தாங்கள் பாடுவது தங்களுக்கே கேட்காமல் அந்த நால்வரும் பாடி முடித்தார்கள். பாடுகிறவர் தம் குரலைத் தாமே கேட்பதற்கென்று மேடையில் வைக்கும் மானிட்டர் ஸ்பீக்கர் அப்போது அங்கே இல்லை. இப்போது நம் மெல்லிசைக் குழுக்களின் மேடையில்கூட மானிட்டர் உண்டு. அது ஒரு நோயைத் தீர்த்தது. இன்னொரு நோயைக் கொண்டுவந்தது.

ஆளுக்கு ஒரு 'கொஞ்சம்'

கச்சேரி தொடங்கிப் பத்து நிமிஷம் ஆனதும் என்ன நடக்கிறது என்பதைக் கவனித்துப் பாருங்கள்.

"பாய், என் குரல் எனக்கே கேக்கல. கொஞ்சம் ஏத்துங்க" என்கிறார் பாடகர். ஏற்றியாயிற்று. உடனே கீபோர்டுக்காரர், "அண்ணாச்சி, நமக்கு ஒண்ணும் விழலையே, கொஞ்சம் கூட்டுங்க" என்கிறார். கூட்டியாயிற்று. இவர்கள் இருவரையும் தாண்டித் தாளம் நிற்க வேண்டுமென்று டிரம் வாசிப்பவர் கையை ஓங்குகிறார். கிட்டார்க்காரர் யாரையும் கேட்பதில்லை; தம் ஆம்பிளிஃபயரைத் தாமே திருகிக்கொள்கிறார். மறுபடியும் பாடகர் திரும்பிப் பார்க்கிறார்: "பாய், கொஞ்சம்..."

ஆளுக்கு ஒரு 'கொஞ்சம்' சேர்ந்து அரை மணி நேரத்தில் மலையாகிவிடும். கீழே உட்கார்ந்திருப்பவர்களும் சும்மா இருப்பதில்லை. சத்தத்தின் நடுவே பேசுகிறவர் தம்மை அறியாமலே குரலை உயர்த்துவார் என்பதை 1911-ல் லொம்பார்ட் என்ற பிரெஞ்சு மருத்துவர் எடுத்துக் காட்டினார். மேடை உயர்ந்தால் பந்தியில் பேச்சு உயரும். பேச்சு உயர்ந்தால், "பின்னால் கேட்கவில்லை" என்று ஒருவர் வந்து மைக் செட்டுக்காரரிடம் சொல்வார். அவர் இன்னும் ஏற்றுவார்.

இந்தச் சக்கரத்தை நிறுத்தும் வழி மிகவும் சுலபம். ஒருவர் "எனக்குக் கேட்கவில்லை" என்றால், அவருடையதை ஏற்றுவதற்கு முன்பு, அவருடைய மானிட்டரில் அவருக்குத் தேவையில்லாதது என்ன ஓடுகிறது என்று பார்க்க வேண்டும். பாடகருக்குச் சுருதியும் தம் குரலும் போதும். கிட்டாரும் டிரம்மும் எதற்கு? அவற்றைக் குறைத்தால், குரல் ஏற்றாமலே மேலே வந்து நிற்கும். கிட்டார் ஆம்பிளிஃபயர் தரையில் இருந்தால் அதன் ஒலி வாசிப்பவரின் முழங்காலுக்குத்தான் போகிறது, காதுக்குப் போவதில்லை. முன்வரிசைக்காரரின் காதுக்கு மட்டும் நேராகப் போகிறது. அதை ஒரு நாற்காலியின் மேல் ஏற்றி அவர் காதைப் பார்க்கச் சாய்த்து வைத்தால், அவரே "போதும், குறையுங்கள்" என்பார்.

ஊளையிடும் மைக்

கச்சேரிக்கு நடுவில் "கூ..." என்று மைக் ஊளையிடுவதும், குழந்தைகள் அலறுவதும் நாம் அறிந்ததே. இதில் மர்மம் ஒன்றுமில்லை. மைக் குரலைக் கேட்கிறது. ஸ்பீக்கர் அதைப் பெரிதாக்குகிறது. அந்தப் பெரிய ஒலி திரும்பவும் மைக்கில் விழுகிறது. அதை ஸ்பீக்கர் மறுபடியும் பெரிதாக்குகிறது. தன் வாலைத் தானே கடிக்கும் பாம்பு போல அது சுற்றிச் சுற்றி வந்து ஒரே சுருதியில் ஊளையாகிறது.

இதற்குப் பரிகாரங்கள் உண்டு. அவற்றில் பலவற்றுக்குக் காசு செலவில்லை.

முதலாவது, மைக்குக்கும் வாய்க்கும் உள்ள தூரம். தூரம் பாதியானால் மைக்கில் விழும் குரல் 6 டெசிபல் கூடும். ஓர் அடி தள்ளிப் பாடுகிறவர் 3 அங்குலத்துக்கு நெருங்கி வந்தால், 12 டெசிபல் இலவசமாகக் கிடைத்துவிடுகிறது. எந்த ஆம்பிளிஃபயரும் இவ்வளவு மலிவாகக் கொடுக்காது.

இரண்டாவது, மைக்கைப் பிடிக்கும் விதம். 1966-ல் ஷூர் கம்பெனி வெளியிட்ட எஸ்எம்58 என்ற மைக்கையும் அதன் சாயலில் வந்தவற்றையும் மேடைதோறும் பார்க்கலாம். இவை முன்பக்கத்து ஒலியை நன்றாக ஏற்று, பின்பக்கத்து ஒலியைப் பெரும்பாலும் ஒதுக்கிவிடும். ஆகவே மானிட்டரை மைக்கின் பின்பக்கம் பார்க்கும்படி வைக்கிறார்கள். ஆனால் சில பாடகர்கள் ஸ்டைலுக்காக மைக்கின் தலையை உள்ளங்கையால் பொத்திப் பிடிக்கிறார்கள். பொத்தியதும் பின்பக்கத்தை ஒதுக்கும் குணம் போய்விடுகிறது, மைக் நாலா பக்கமும் கேட்க ஆரம்பிக்கிறது, ஊளை வருகிறது. பழி என்னவோ மைக் செட்டுக்காரருக்கு!

மூன்றாவது, திறந்திருக்கும் மைக்குகளின் எண்ணிக்கை. மைக் இரட்டிப்பானால் ஊளையில்லாமல் ஏற்றக்கூடிய அளவு 3 டெசிபல் குறையும். ஒன்றுக்குப் பதில் எட்டு மைக் திறந்திருந்தால் 9 டெசிபல் போயிற்று. பாடாதவர் முன்னால் உள்ள மைக்கை மூடி வைப்பது சோம்பலில்லாத மைக் செட்டுக்காரருக்கு அடையாளம்.

நான்காவது, ஒத்திகையிலேயே ஊளையை வரவழைத்துப் பார்ப்பது. அனுபவஸ்தர்கள் கூட்டம் வருவதற்கு முன்பே மெல்ல மெல்ல ஏற்றி, எந்தச் சுருதியில் முதலில் ஊளை கிளம்புகிறது என்று பார்த்து, ஈக்வலைசரில் அந்த ஒரு சுருதியை மட்டும் தணித்துவிடுவார்கள். பிறகு மொத்த அளவைச் சற்று இறக்கி வைப்பார்கள். திருடன் எந்த ஜன்னல் வழியாக வருவான் என்று தெரிந்துவிட்டால் அந்த ஜன்னலை மட்டும் சாத்தினால் போதுமல்லவா?

மண்டபமும் ஒரு வாத்தியம்

சிமெண்டுக் கூரை, மொசைக் தரை, பளபளக்கும் டைல்ஸ் சுவர். துடைக்கச் சுலபம், பார்க்க அழகு. ஆனால் ஒலிக்கு இதைவிடப் பொல்லாத இடம் கிடையாது. ஒரு முறை கைதட்டினால் ஒலி சுவருக்குச் சுவர் முட்டி மோதி அடங்க நேரமாகிறது. அதற்குள் அடுத்த சொல் வந்து முந்தைய சொல்லின் மேல் ஏறிவிடுகிறது. இத்தகைய மண்டபத்தில் ஒலியை ஏற்ற ஏற்றச் சொல் தெளிவதில்லை, குழம்புதான் பெருகுகிறது.

இந்த விஷயத்தைக் கணக்கோடு கண்டுபிடித்தவர் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சபைன் என்ற பேராசிரியர். 1895-ல் ஒரு புதிய விரிவுரை மண்டபத்தில் பேச்சே புரியவில்லை என்று அவரைக் கூப்பிட்டார்கள். பேச்சு நின்ற பிறகும் 5 விநாடிக்கு மேல் அங்கே ஒலி மிதந்தது. அவர் பக்கத்து நாடக அரங்கிலிருந்து நாற்காலி மெத்தைகளை இரவில் கொண்டுவந்து அடுக்கி, ஒவ்வொரு அடுக்குக்கும் ஒலி எவ்வளவு விரைவில் அடங்குகிறது என்று அளந்து பார்த்தார். மெத்தை, திரை, துணி, மனித உடம்பு ஆகிய எல்லாம் ஒலியைக் குடிக்கின்றன என்பது தெளிவாயிற்று.

நமக்கு இதில் இரண்டு பாடங்கள் உண்டு. மேடைக்குப் பின்னால் வெறும் சுவருக்குப் பதில் கனமான திரை தொங்கினால் அது அலங்காரம் மட்டுமல்ல, சங்கீதத்துக்கும் உதவி. இரண்டாவது, காலி மண்டபத்தில் சரிபார்த்த அளவு, பட்டும் பருத்தியும் உடுத்திய ஐந்நூறு பேர் வந்து உட்கார்ந்ததும் மாறிவிடும். ஆகவே ஒத்திகை முடிந்ததும் வேலை முடிந்தது என்று டீ குடிக்கப் போகிறவர் ஏமாறுவார். முதல் பாட்டின்போது எழுந்து கடைசி வரிசை வரை ஒரு நடை நடந்துவிட்டு வருகிறவரே கெட்டிக்காரர்.

பெட்டியை எங்கே வைப்பது?

"இரண்டு பாக்ஸ் போதாது, நாலு வையுங்கள்" என்பது கல்யாண வீட்டாரின் உத்தரவு. வாட் கூடினால் அதே மாதிரி ஒலியும் கூடும் என்ற எண்ணம்தான் காரணம். உண்மை வேறு. 500 வாட்டை 1,000 வாட்டாக்கினால் கூடுவது 3 டெசிபல்தான்; கேட்பவருக்கு அது சிறிய வித்தியாசமே. இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்ற வேண்டுமானால் ஏறக்குறைய பத்து மடங்கு வாட் வேண்டும். செலவு பத்து மடங்கு. பயன் இரண்டு மடங்கு!

அதைவிட முக்கியம் பெட்டியின் இடம். திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பாகும்போதெல்லாம் ஒலி 6 டெசிபல் குறைகிறது. மண்டபத்துக்குள் இது சற்றுக் குறைவு. தரையில் வைத்த பெட்டிக்கு 3 அடி தூரத்தில் உட்கார்ந்திருக்கும் பாட்டிக்கும், 48 அடி தள்ளி நிற்கும் பேரனுக்கும் ஒரே அளவு கிடைக்க வழியில்லை. பேரனுக்குக் கேட்க வேண்டுமென்று ஏற்றினால் பாட்டியின் காது கிழிகிறது. பெட்டியை ஸ்டாண்டில் ஆள் உயரத்துக்கு மேல் தூக்கி, முன்வரிசைக்காரர் தலைக்கு மேலாகப் பின்வரிசையைப் பார்க்கத் திருப்பினால் இந்த வித்தியாசம் வெகுவாகக் குறையும். பெட்டி மைக்குகளுக்கு முன்னால் இருக்க வேண்டும். பின்னால் இருந்தால் ஊளைக்கு அழைப்பிதழ் வைத்தது போலத்தான்.

நீளமான மண்டபமானால், மேடைப் பெட்டியை ஏற்றுவதைவிட நடுவில் இரண்டு சின்னப் பெட்டிகளை மெல்லிய அளவில் வைப்பது நல்லது. ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 1,130 அடி ஓடுகிறது. 30 அடி தள்ளியுள்ள பெட்டிக்கு மேடை ஒலி வந்து சேரச் சுமார் 27 மில்லி விநாடி ஆகும். அந்த அளவு தாமதத்தை மிக்ஸரில் கொடுத்துவிட்டால் இரண்டு ஒலியும் ஒன்றாகச் சேர்ந்து, பாட்டு மேடையிலிருந்தே வருவது போலத் தோன்றும்.

கீழ்ச்சுருதிப் பெட்டியை மூலையில் வைக்காதிருப்பதும் ஒரு யுக்தி. தரையும் இரு சுவர்களும் கூடும் மூலை, 'டொம் டொம்' என்ற ஒலியைத் தானாகவே பெருக்கிவிடும். குரலும் சொல்லும் சுவரைத் தாண்டுவதில்லை. இந்த 'டொம் டொம்' மட்டும்தான் தாண்டி அடுத்த வீட்டுக்குள் போகிறது. அங்கே தூங்குகிற குழந்தைக்கும், விடிந்தால் பரீட்சை எழுதப் போகிற பிள்ளைக்கும் பாட்டின் இன்பம் கிடைப்பதில்லை, இடி மட்டும்தான் கிடைக்கிறது.

அடிக்கிற கையில் இருக்கிறது

மேடையில் மிகவும் ஓங்கி ஒலிப்பது எது என்றால் பெரும்பாலும் டிரம் செட்தான். ஓங்கி அடித்தால் அடிப்பவர் காதருகே 100 டெசிபலைத் தாண்டுவது சாதாரணம். சின்ன மண்டபத்தில் அதற்கு மைக்கே தேவையில்லை. குரலுக்கும், தேவையானால் கீபோர்டுக்கும் மட்டும் பெட்டியைக் கொடுத்துவிட்டு, டிரம் தன் சொந்த ஒலியில் நிற்கட்டும் என்று விட்டாலே பாதிச் சுமை இறங்கிவிடும். பெரிய டிரம்முக்குள் ஒரு தலையணை, மேல்தோலில் ஒரு துண்டு, கட்டைக் குச்சிக்குப் பதில் மெல்லிய குச்சிகளைக் கட்டாகச் சேர்த்த கோல் ஆகிய இவையெல்லாம் அடியின் சுவையைக் கெடுக்காமல் வேகத்தைத் தணிக்கும்.

நம் மெல்லிசைக் குழுக்களில் பல, தட்டினால் மின்சாரத்தின் மூலம் ஒலி தரும் ரிதம் பேடுக்கு மாறிவிட்டன. பழைய ரசிகர்கள் இதைக் குறை சொல்வதுண்டு. ஆனால் சின்ன மண்டபத்துக்கு அது செய்யும் உபகாரம் பெரிது. பேடு தானாக ஒலிப்பதில்லை. மிக்ஸர் கொடுக்கும் அளவுக்குத்தான் ஒலிக்கும். மேடையில் இருந்த பெரிய சத்தம் போய்விட்டால், மற்றவர்கள் அதைத் துரத்த வேண்டிய அவசியமும் போய்விடுகிறது.

இருந்தாலும் கருவியைவிடக் கை பெரிது. மெதுவாக அடித்தும் தாளத்தின் துடிப்பைக் காட்டத் தெரிந்தவரே வித்வான். தப்ஸ் அடிப்பவர்களைக் கவனித்தவர்களுக்கு இது புரியும். பைத்தின் சொல் வரும் இடத்தில் விரல் தானாக அடங்கும். சொல் முடிந்ததும் எழும்பும். இசைமுரசு நாகூர் ஹனீபா (1925–2015) பாடல்களைக் கேட்டு வளர்ந்த வட்டாரங்களில் இதைச் சொல்லித் தரவேண்டியதில்லை. அந்தப் பாடல்களின் உயிர் சொல்லில் இருக்கிறது. சொல் புரியாமல் போனால் அங்கே பாட்டே இல்லை. வில்லுப்பாட்டும் அப்படித்தான். குடமும் உடுக்கையும் கதையை விழுங்கிவிட்டால், விடிய விடிய உட்கார்ந்திருந்தவர் வீட்டுக்கு எதைக் கொண்டு போவார்?

போனால் வராது

இதுவரை சொன்னது ரசனை சம்பந்தப்பட்டது. இனிச் சொல்லப்போவது உடம்பு சம்பந்தப்பட்டது.

உட்காதில் ஒலியை வாங்கும் நுண்ணிய மயிர்ச் செல்கள் ஒவ்வொரு காதிலும் சுமார் 15,000 இருக்கின்றன. தலைமயிர் விழுந்தால் முளைக்கும். இவை அழிந்தால் மனிதருக்கு மறுபடி முளைப்பதில்லை. தொழிலாளர் நலனை ஆராயும் அமெரிக்க அரசு நிறுவனம் வகுத்த கணக்குப்படி, 85 டெசிபல் ஒலியை நாளொன்றுக்கு 8 மணி நேரம் வரை தாங்கலாம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 88 என்றால் 4 மணி. 91 என்றால் 2 மணி. 94 என்றால் 1 மணி. 100 என்றால் கால் மணி நேரம்தான். உலகச் சுகாதார நிறுவனம் 2022-ல் வெளியிட்ட விதிமுறையில், இசை அரங்குகளின் சராசரி ஒலி 15 நிமிஷக் கணக்கில் 100 டெசிபலைத் தாண்டக்கூடாது என்றும், கேட்பவர் ஒதுங்கி இளைப்பாற அமைதியான இடம் வேண்டும் என்றும் கூறியிருக்கிறது.

ரசிகர் மூன்று மணி நேரம் கேட்டுவிட்டு எழுந்து போய்விடுவார். முகூர்த்த மாதங்களில் இரவு தவறாமல் அந்தப் பெட்டியின் பக்கத்தில் நிற்கிறவர்கள் யார்? டிரம் வாசிப்பவரும், கீபோர்டுக்காரரும், மைக் செட்டுக்காரரும், அவரிடம் வயர் சுருட்ட வந்த 18 வயதுப் பையனும்தான். காதைப் பிழைப்புக்கு முதலாகப் போட்டவர்கள் இவர்கள். கச்சேரி முடிந்து வீட்டுக்குப் போன பிறகும் காதில் 'ங்ஙெ' என்று ரீங்காரம் கேட்டால், அது காது விடுக்கும் எச்சரிக்கை. மறுநாள் அது அடங்கிவிட்டாலும் சேதமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. மெல்ல மெல்ல உச்சஸ்தாயி ஒலிகள் கேட்காமல் போகும். கேட்காததை ஈடுகட்ட மைக் செட்டுக்காரர் அந்த ஒலிகளையே மேலும் ஏற்றுவார். அவருடைய காதின் குறையை ஊரே கேட்க வேண்டியிருக்கும்.

பஞ்சை அடைத்துக்கொண்டால் போதும் என்று நினைப்பவர் உண்டு. பஞ்சு பெரிதாகத் தடுப்பதில்லை. காதுக்கென்று செய்த நுரை அடைப்பான்கள் மருந்துக் கடைகளிலேயே கிடைக்கின்றன. பாட்டின் நிறம் மாறாமல் அளவை மட்டும் குறைக்கும் அடைப்பான்களும் இசைக் கலைஞர்களுக்கென்று உண்டு. கைக்குழந்தையோடு வந்த தாய்மார்களுக்குச் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: பெட்டியின் பக்கம் உட்காராதீர்கள்.

சட்டமும் அக்கம்பக்கமும்

மத்திய அரசு 2000-ல் வகுத்த ஒலி மாசு விதிகளின்படி, குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவில் 45 டெசிபல்தான் வரம்பு. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை பொது இடத்தில் ஒலிபெருக்கி கூடாது. விழா நாட்களுக்காக மாநில அரசு ஆண்டில் 15 நாட்களுக்கு மிகாமல் நள்ளிரவு 12 மணி வரை சலுகை தரலாம். மூடிய மண்டபத்துக்குள் 10 மணிக்குப் பிறகும் ஒலிக்க விதியில் இடம் உண்டு. ஆனால் தனியார் இடமானால் அதன் எல்லையில் ஒலி அந்தப் பகுதியின் வரம்பை 5 டெசிபலுக்கு மேல் தாண்டக்கூடாது. 2005 ஜூலை 18-ல் சுப்ரீம் கோர்ட் அளித்த தீர்ப்பு, கேட்க விரும்பாதவரைக் கட்டாயப்படுத்திக் கேட்க வைக்கும் உரிமை யாருக்கும் இல்லை என்ற கருத்தை வலியுறுத்தியது.

சட்டத்துக்கு முன்பே நம் ஊர்களில் மரியாதை இருந்தது. பாங்கு ஒலிக்கும்போது பாட்டைச் சற்று நிறுத்துவதும், தெருவில் துக்க வீடு இருந்தால் மேளத்தை அடக்குவதும் யாரும் எழுதி வைத்த விதியல்ல. சுவரோடு சுவர் ஒட்டி வாழ்கிறவர்கள் தாமாகவே கற்றுக்கொண்ட பண்பு. மிக்ஸரில் கை வைக்கும்போதும் அதே பண்பு இருந்தால் போலீஸ்காரர் வந்து வயரைப் பிடுங்க வேண்டிய நிலைமை வராது. கச்சேரி வைப்பதையே வேண்டாமென்று மண்டபக்காரர்கள் முடிவு கட்டவும் மாட்டார்கள். ஒரு மண்டபம் கதவைச் சாத்தினால் எத்தனை கலைஞர்களின் அடுப்பு அணைகிறது என்பதை யோசிக்க வேண்டும்.

கல்யாண வீட்டார் செய்யக்கூடியதும் உண்டு. வாட் எத்தனை, பெட்டி எத்தனை என்று கேட்பதை விட்டுவிட்டு, "ஒத்திகைக்கு எத்தனை மணிக்கு வருவீர்கள்?" என்று கேளுங்கள். இரண்டு மணி நேரம் முன்னதாக வந்து சரிபார்க்கிறவருக்கு நூறு, இருநூறு கூடக் கொடுத்தாலும் நஷ்டமில்லை. பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் பெட்டியை விட்டுத் தள்ளி இடம் போடுங்கள். யாராவது வந்து "இன்னும் கொஞ்சம் ஏத்தச் சொல்லுங்க" என்றால், அவரை முன்வரிசையில் ஒரு நாற்காலி போட்டு உட்கார வையுங்கள்.

அளவு சரியாக இருக்கிறதா என்று பார்க்க மீட்டர் ஒன்றும் வேண்டியதில்லை. பாட்டு நடக்கும்போது பக்கத்தில் இருப்பவரிடம், "மாப்பிள்ளை எந்த ஊரு?" என்று சாதாரணக் குரலில் கேட்டுப் பாருங்கள். அவர் காதைக் கிட்டே கொண்டுவராமல் பதில் சொன்னால், அந்தக் கச்சேரியின் மைக் செட்டுக்காரர் தம் தொழிலை அறிந்தவர். போகும்போது அவருக்கும் ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்லிவிட்டுப் போங்கள். பாடகருக்குப் பொன்னாடை போர்த்துகிறவர்கள் அவரை நினைப்பதில்லை.